டம்டம் தட்டு, சாகஞ்ச் டயர்

வங்காளத்தின் பிளாஸ்டிக் கதையை 1959-ல் ரிஷ்ராவில் ஆரம்பிப்பது வழக்கம். ஹூக்ளிக் கரையில் ஐ.சி.ஐ. குழுமத்தைச் சேர்ந்த ஆல்கலி அண்ட் கெமிக்கல் கார்ப்பரேஷன் பாலிதீன் காய்ச்சத் தொடங்கிய வருஷம் அது. நான் இன்னும் அரை நூற்றாண்டு பின்னால் போவேன். 1908-ல் சியால்டா பக்கம், பேலியாகாட்டா ரோட்டில் கிராமபோன் கம்பெனி ஓர் ஆலை போட்டது. அங்கே அச்சாகி வந்த கறுப்பு இசைத்தட்டும் ஒரு பிளாஸ்டிக்தான். சூடு காட்டினால் இளகும், அச்சில் வைத்து அழுத்தினால் சொன்ன வடிவம் எடுக்கும், ஆறினால் இறுகும். வேறென்ன லட்சணம் வேண்டும்?

நான் கும்பகோணத்துப் பக்கத்து ஆள். எழுபதுகளில் கல்கத்தா வந்து, லேக் மார்க்கெட்டில் குடியிருந்துகொண்டு, டாங்ராவிலும் பானிஹாட்டியிலும் சின்னச் சின்ன ரப்பர், பிளாஸ்டிக் பட்டறைகளில் கெமிஸ்டாகக் காலம் தள்ளியவன். கலவை போடுவதுதான் வேலை. அதனால் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், இதை எந்தக் கம்பெனி செய்தது என்று பார்க்கமாட்டேன். உள்ளே என்ன பொடி போட்டிருக்கிறான் என்றுதான் பார்ப்பேன்.

இசைத்தட்டில் போட்ட பொடி கொஞ்சநஞ்சமில்லை. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றிய அந்தப் பழைய தட்டில் அரக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் பலகைக்கல், சுண்ணாம்புக்கல் போன்றவற்றை அரைத்த மாவு, கொஞ்சம் பஞ்சுத் துகள், நிறத்துக்குக் கரி. அரக்கு எங்கே கிடைக்கும்? சோட்டா நாக்பூர்க் காடுகளில் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் பூச்சி கட்டுவது. புருலியா பக்கம் ஜால்தாவிலும் பலராம்பூரிலும் காய்ச்சி, கல்கத்தாவுக்கு வண்டியேறும். காசிப்பூரில் ஏஞ்சலோ பிரதர்ஸ் அதைச் சுத்தம் செய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1920-களில் எழுந்தது என்றால், சரக்கின் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரக்கு விலை அதிகம், அதனால் கல்மாவைக் கலந்தார்கள் என்பது பாதி உண்மை. தனி அரக்கில் தட்டு செய்தால் நிற்காது, வளையும், நொறுங்கும். கல்மாவு அதற்கு விறைப்பைத் தந்தது. இன்னொரு காரியமும் செய்தது. அந்தக் காலத்து எஃகு ஊசி கடையிலிருந்து வரும்போது முனை சரியாக இருக்காது. தட்டின் முதல் சில சுற்றுக்குள் கல்மாவு அந்த முனையைத் தேய்த்து, வரிப்பள்ளத்துக்குப் பொருந்தும்படி செதுக்கிவிடும். அதனால்தான் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்று என்று உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். பாட்டுக்குப் பின்னால் ஓயாமல் கேட்கும் அந்த இரைச்சலும் இதே கல்மாவின் வேலைதான். மைக்ரான் கணக்கில் பருத்த மணிகள். ஊசி ஒவ்வொன்றிலும் இடறிக்கொண்டே போகும்.

1928-ல் ஆலை டம்டம்முக்கு இடம் மாறியது. நம்மூரில் கல்யாண வீட்டிலும் கோவில் திருவிழாவிலும் ஒலித்த எத்தனையோ தமிழ்த் தட்டுகளின் நடு வட்டத்தில் பொடி எழுத்தில் 'டம்டம்' என்று இருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அது ஏதோ மேளச் சத்தம் என்று நினைத்திருந்தார்கள்!

அதே டம்டம்மில் பின்னாளில் வினைல் எல்.பி. அச்சானபோது கல்மாவு அடியோடு போய்விட்டது. கரி மட்டும் கொஞ்சம் நின்றது. அந்தக் கரியின் மணி நானோமீட்டர் கணக்கு. ஊசிக்கு அது இருப்பதே தெரியாது. இரைச்சல் அடங்கியது. ஒரே ஊர், ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு நிறம். மணியின் பருமன் மாறியதும் கேட்கும் சங்கதியே மாறிவிட்டது. நானோ துகள் பிளாஸ்டிக்கை என்ன செய்யும் என்று இப்போது யாராவது கேட்டால், இரண்டு தட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேள் என்பேன். வேறு விளக்கம் வேண்டாம்.

கரியின் முழு பலம் தெரிந்தது ரப்பரில். தொடக்க காலத்து டயர்கள் வெளிறிய நிறம். துத்தநாக ஆக்ஸைடு போட்டுச் செய்தார்கள். 1904-ல் லண்டன் சில்வர்டவுனில், இந்தியா ரப்பர், கட்டாபெர்ச்சா அண்ட் டெலிகிராப் ஒர்க்ஸ் என்ற நீளப் பெயர் கொண்ட கம்பெனியில், மோட் என்ற ரசாயனக்காரர் கரித்தூளை ரப்பரில் ஏற்றிப் பார்த்தார். ரப்பர் கெட்டிப்பட்டது. ஆனாலும் பல வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1910-களில் அமெரிக்க டயர் கம்பெனிகள் கையில் எடுத்த பிறகுதான் உலகத்து டயரெல்லாம் கறுத்தது.

கல்கத்தாவுக்கு ரப்பர் வேலை இரண்டு வழியில் வந்தது. ஒன்று சுதேசி வழி. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய சுரேந்திர மோகன் போஸ் 1920-ல் தொடங்கிய பெங்கால் வாட்டர்ப்ரூஃப். அதன் டக்பேக் மழைக்கோட்டு போடாத வங்காளிப் பிள்ளை ஒரு காலத்தில் கிடையாது. இன்னொன்று விலாயத்து வழி: 1936-ல் பண்டேலுக்குப் பக்கத்தில் சாகஞ்சில் டன்லப் தொடங்கிய டயர் ஆலை, இந்தியாவின் முதல் டயர் ஆலை. இன்றைக்கும் பி.டி. ரோட்டில் ஒரு நாற்சந்திக்கே டன்லப் என்றுதான் பெயர். பஸ் கண்டக்டர் கூவிக்கொண்டே இருப்பார்.

மழைக்கோட்டுத் துணிக்கும் வெந்நீர்ப் பைக்கும் வெள்ளைப் பொடி போதும். சீனக் களிமண், சாக்குப்பொடி. களிமண் பீர்பூம் மாவட்டம் முகமது பஜாரிலேயே தோண்டினார்கள். இவை மைக்ரான் பருமன் உள்ளவை. ரப்பரைக் கொஞ்சம் விறைப்பாக்கும், விலையைக் குறைக்கும், அதோடு சரி. டயரின் தரை தொடும் பகுதிக்கு அது பற்றாது. அங்கே கார்பன் பிளாக் என்ற நயமான கரிதான்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பரை எந்தப் பொடியும் போடாமல் வேகவைத்து இழுத்தால் இரண்டு, மூன்று மெகாபாஸ்கலில் அறுந்துவிடும். நூறு பங்கு ரப்பருக்கு ஐம்பது பங்கு நயமான கரி ஏற்றினால் இருபதைத் தாண்டும். ஏறக்குறைய பத்து மடங்கு. இயற்கை ரப்பர் சும்மாவே பலசாலி. அதிலும் தேய்மானம், கிழிசல் என்று வரும்போது கரிதான் காப்பாற்றும். அதே ஐம்பது பங்கு சாக்குப்பொடி போட்டால் இதில் எதுவும் நடக்காது.

ஏன் நடக்காது? மூட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணிலேயே பதில் இருக்கிறது. என்330 என்று ஒரு ரகம், கலவைக்காரர்களின் அன்றாடச் சோறு. அதன் மணி 26 முதல் 30 நானோமீட்டர். என்660 என்றால் 49 முதல் 60. என்110 என்றால் இருபதுக்குள். முதல் இலக்கம் ஏற ஏற மணி பருக்கும். என்330-ல் ஒரே ஒரு கிராம் எடுத்து அதன் மணிகளின் மேற்பரப்பையெல்லாம் விரித்தால் 78 சதுர மீட்டர் வரும். கல்கத்தாவில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் தரை. அந்தப் பரப்பு முழுக்க ரப்பர்ச் சங்கிலிகள் ஒட்டிக்கொள்கின்றன. கரைப்பானில் ஊறப்போட்டாலும் ஒரு பகுதி ரப்பர் கரியை விட்டு வராது. இழுக்கும்போது சுமையைச் சங்கிலியிலிருந்து மணிக்கும், மணியிலிருந்து அடுத்த சங்கிலிக்கும் கைமாற்றுவது இந்தப் பிடிப்புதான்.

திரவத்தில் துகள் கலந்தால் அது எவ்வளவு தடிக்கும் என்று ஐன்ஸ்டீன் 1906-லேயே ஒரு சூத்திரம் போட்டார். யூஜீன் கூத் பிறகு அதை ரப்பருக்கு நீட்டினார். அழகான சூத்திரம். ஆனால் அதில் துகளின் மொத்தக் கன அளவுக்குத்தான் இடம் உண்டு. பருமனுக்கு இடமே கிடையாது. மில்லில் நிற்கிறவனுக்குப் பருமன்தான் எல்லாம். பெரியவர்களோடு எனக்கிருக்கும் சின்ன மனத்தாங்கல் இது.

சரி, மணி சிறுத்தால் போதுமா? போதாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பானிஹாட்டியில் ஒரு வயதான மில் மிஸ்திரி. தேசப் பிரிவினைக்குப் பிறகு வந்தவர். இரட்டை உருளை மில். முன் உருளை மெதுவாகவும் பின் உருளை வேகமாகவும் சுற்றும். ரப்பர் முன் உருளையில் பட்டையாகச் சுற்றிக்கொண்டதும், இரண்டு உருளைக்கும் நடுவிலே குவிந்து புரளும் ரப்பர்மேல் கரியைச் சிறு சொப்பால் தூவுவார். ஒரேயடியாகக் கொட்டமாட்டார். கீழே தட்டில் விழுந்ததைக் கூட்டி மறுபடி போடுவார். பிறகு கத்தி. பட்டையை இந்தப் பக்கம் முக்கால் வாசி, அந்தப் பக்கம் முக்கால் வாசி வெட்டி மடக்குவார். சுருட்டி, தலைகீழாக உருளைக்குள் செருகுவார்.

எண்ணெய் எப்போது ஊற்றுவது என்பதில்தான் சூட்சுமம். கரியோடு சேர்த்து முதலிலேயே ஊற்றினால் வேலை சுளுவாக முடியும், மில்லும் முக்காது. ஆனால் ரப்பர் இளகி வழுக்கும். கரிக்கட்டிகள் நசுங்காமல் தப்பித்துக்கொள்ளும். மூட்டையிலிருந்து வருவது மில்லிமீட்டர் அளவுக் குருணை. அதை நூறு இருநூறு நானோமீட்டர் கொத்துகளாக உடைக்கவேண்டும். கிட்டத்தட்ட பத்தாயிரத்தில் ஒன்று. அந்த உடைப்பு, ரப்பர் விறைப்பாக இருந்து உருளைக்கு முறுக்கிக்கொண்டு நிற்கும்போதுதான் நடக்கும். அதனால் மிஸ்திரி பாதிக் கரி ஏறிய பிறகே எண்ணெய்க் குவளையைத் தொடுவார். கந்தகம் எல்லாவற்றுக்கும் கடைசி.

முடிந்ததும் ஒரு துண்டை வெட்டி, வெட்டுவாயை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பளபளவென்று ஒரே சீராக இருந்தால் தலையசைப்பு. சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், "பாலோ மெஷெனி." சரியாகக் கலக்கவில்லை, திரும்பப் போடு. கலக்காமல் நிற்கும் ஒரு கட்டி இருபது மைக்ரான் இருந்தாலே போதும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அப்போது அந்தக் கரி பலமல்ல, பலவீனம். எலெக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாத பட்டறையில் நானோ அளவு வேலையை அவர் வெட்டுவாயின் பளபளப்பை வைத்தே தீர்மானித்தார். பிற்பாடு ஆய்வகங்களில் நான் பார்த்த படங்கள் அவர் தீர்ப்பை மறுத்ததில்லை.

இந்தக் கரி ஒரு காலத்தில் பெரும்பாலும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. எண்ணெயை உலையில் அரைகுறையாக எரித்துக் கரி எடுக்கும் முறையை அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியம் 1940-களில் டெக்ஸாஸ் மாநிலத்தின் போர்கர் ஊரில் நிலைநிறுத்தியது. அவர்கள் கூட்டில் 1960-ல் பிலிப்ஸ் கார்பன் பிளாக் கம்பெனி பதிவாகி, துர்காபூரில் ஆலை எழுந்தது. இங்கிருந்து நூற்றெழுபது கிலோமீட்டர். அலுவலகம் நேதாஜி சுபாஷ் ரோட்டில் டங்கன் ஹவுஸ், கோயங்கா குடும்பம். ஹூக்ளிக் கரை டயருக்கும் டாங்ரா, தில்ஜலாப் பட்டறைகளின் செருப்புக்கும் கரி உள்ளூரிலேயே கிடைக்க ஆரம்பித்தது. அந்தக் கம்பெனி 2023-ல் நம் திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் வருஷத்துக்கு 1,47,000 டன் திட்டத்தோடு புது ஆலை திறந்தது. டன்லப்பும் 1959-லேயே அம்பத்தூருக்கு வந்ததல்லவா? சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கரிவழி உறவு பழசு.

டயரை விடுங்கள். மொட்டைமாடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர் டாங்க், தெருவைத் தோண்டிப் புதைக்கும் கறுப்பு பாலிதீன் பைப், இரண்டுமே நானோ கரி ஏற்றிய பிளாஸ்டிக். பைப்புக்கான ஐ.எஸ். 4984 தரவிதி 2.5 சதவீதம் கரி கேட்கிறது, அரை சதவீதம் முன்னே பின்னே. வெறும் பாலிதீனை வெயிலில் போட்டால் ஓரிரண்டு வருஷத்தில் அப்பளமாக நொறுங்கும். புற ஊதாக் கதிர் சங்கிலியை அறுத்துவிடும். மெல்லிய கரி அந்தக் கதிரை விழுங்கிவிடும். பருத்த கரிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எடையில் நாற்பதில் ஒரு பங்கு பொடி, பத்துப் பதினைந்து வருஷ ஆயுளைக் கூட்டுகிறது. இதற்கு மேல் ஒரு பொடியிடம் என்ன எதிர்பார்ப்பது?

ஆனால் கானிங் ஸ்ட்ரீட்டில் போய் 'ஃபில்லர்' என்று சொல்லிப் பாருங்கள். வியாபாரி முகம் சுளிப்பார். பிளாஸ்டிக் குருணையில் சாக்குப்பொடியை அள்ளிப் போட்டு வாளியும் நாற்காலியும் செய்து விற்றவர்கள் அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள். எடை இருக்கும், விலை குறையும், காதைப் பிடித்துத் தூக்கினால் வாளி கையோடு வரும். கலப்படமும் கலவையும் ஒன்றல்ல என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

வெள்ளைப் பொடிக்கும் ஒரு காலம் வந்தது, ஆனால் ஜப்பானிலிருந்து. எண்பதுகளில் நகோயா பக்கம் டொயோட்டாவின் மத்திய ஆய்வகத்தில் களிமண்ணை எடுத்தார்கள். நம் பீர்பூம் சீனக் களிமண் ரகம் அல்ல; மாண்ட்மோரில்லோனைட் என்ற, தண்ணீரில் உப்பும் ரகம். அதன் ஒவ்வோர் அடுக்கும் ஒரு நானோமீட்டர் கனம்தான். அடுக்குகளுக்கு நடுவே அமினோ அமிலத்தைப் புகுத்தி விலக்கி, அந்த இடைவெளிக்குள்ளேயே நைலானை வளரவிட்டார்கள். அடுக்குகள் பிரிந்து தனித்தனியாகப் பரவின. ஐந்து சதவீதத்துக்கும் குறைவான களிமண். நைலான்-6 சூட்டில் வளையத் தொடங்கும் வெப்பம் 65 டிகிரியிலிருந்து 145-க்கு ஏறியது, விறைப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. கார் எஞ்சினின் டைமிங் பெல்ட் மூடியாக அது சாலைக்கு வந்தது. வழக்கமான கனிமப் பொடியில் இவ்வளவு சாதிக்க முப்பது சதவீதம் அள்ளிப் போடவேண்டும்; எடையும் கூடும்.

இங்கே காரக்பூர் ஐ.ஐ.டி.யின் ரப்பர் தொழில்நுட்ப மையம் இந்த வழியைப் பிடித்துக்கொண்டது. பேராசிரியர் எஸ்.கே. தே முன்னின்று எண்பதுகளில் வளர்த்த இடம். அனில் பௌமிக் குழு களிமண்ணை ரப்பருக்குள் பிரித்துப் பரப்புவது பற்றி வருஷக்கணக்காக எழுதியது. தட்டுத்தட்டான அடுக்குகள் குறுக்கே நிற்பதால் காற்று சுற்றிச் சுற்றித்தான் வெளியேற முடியும்; ட்யூபுக்கும் உள்பூச்சுக்கும் அது ஆகிவரும். ஆனால் அங்கேயும் கடைசியில் பிரச்சினை மிஸ்திரியின் பிரச்சினைதான். பிரிந்து பரவினால் பொன். கட்டியாக நின்றால் வெறும் மண். பாலிப்ரொப்பிலீன் போன்ற எண்ணெய்த்தன்மை உள்ள பிளாஸ்டிக்கில் களிமண் எளிதில் பிரிவதில்லை. 2000-ல் ஹால்தியா பெட்ரோகெமிக்கல்ஸ் ஓடத் தொடங்கி பாலிப்ரொப்பிலீன் தாராளமாகக் கிடைத்த பிறகும், கல்கத்தாப் பட்டறைகளில் நானோ களிமண் பெரிதாகக் காலூன்றவில்லை. காரணம் இதுவும், விலையும். கரி மட்டும் சத்தமில்லாமல் தொடர்கிறது.

கரிக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து மில் ஆட்கள் குழாயடியில் குளித்தால் மூன்றாவது சோப்புக்கும் தண்ணீர் கறுப்பாகவே ஓடும். மறுநாள் காலை கண்ணோரத்தில் மை இட்டதுபோல் மிச்சம் தெரியும். இருமலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 1996-ல் கார்பன் பிளாக்கை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்ற 2பி வரிசையில் வைத்தது. ரப்பருக்குள் சிக்கிய கரி ஒன்றும் செய்யாது. காற்றில் பறப்பதுதான் ஆபத்து. நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் முகமூடி கேட்டதற்கு ஈரத்துணி கொடுத்தார்கள். நயமான பொடியின் நன்மையை வாங்கிக்கொண்ட தொழில், அதன் விலையைக் கூலிக்காரர் நெஞ்சில் எழுதியது என்றே சொல்வேன்.

சாகஞ்ச் ஆலை 2011 அக்டோபரில் கதவு மூடியது. ஆலை மூடினால் எந்திரத்தை ஏலம் போடலாம், நிலத்தை அளக்கலாம். கலவை நோட்டை யார் எடுத்து வைப்பார்கள்? எந்த ரப்பருக்கு எத்தனை பங்கு கரி, எண்ணெய் எந்த நிமிஷத்தில், உருளை எத்தனை சூட்டில் என்று மிஸ்திரிகளும் கெமிஸ்டுகளும் எழுதிவைத்த நீள நோட்டுகள்தான் இந்தத் தொழிலின் உண்மையான ஆவணம். பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் அதெல்லாம் இருக்காது. அரசியல்வாதி எழுதும் சாகஞ்ச் சரித்திரத்தில் கொடியும் கோஷமும் இருக்கும். கரி எப்படி ஏறியது என்று இருக்காது.

எனவே ஒரு வேண்டுகோள். டம்டம், சாகஞ்ச், பானிஹாட்டி, பாட்டாநகர், அம்பத்தூர் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் பரணைப் பாருங்கள். கலவை நோட்டு அகப்பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ராஜாபஜார் சயன்ஸ் காலேஜில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலிமர் துறை இருக்கிறது, காரக்பூரில் ரப்பர் மையம் இருக்கிறது, சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஏதாவது ஓர் இடத்துக்கு எழுதிக் கேளுங்கள். எண்ணெய்க் கறையைத் துடைக்காமல் அப்படியே கொடுங்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் குறிப்பு எந்தச் சரக்குக்கு என்று கேட்டு ஓரத்தில் எழுதிக் கொடுங்கள்.